இடப்பக்கம் பதினான்கு குச்சிகள்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அம்மாவை யாரும் பார்த்ததில்லை. அவள் பேரும் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் மட்டும் ஓர் ஆற்றங்கரையில் வரிசையாகக் குடியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை பேசுவது இன்னொரு பிள்ளைக்குப் பாதிதான் புரியும். மொத்தப் பிள்ளைகள் நான்கா ஐந்தா என்று கேட்டால் ஊருக்கு ஊர் சண்டை வரும். யார் அவர்கள்?

மனிதர்கள் என்று நினைத்தவர்கள் தோற்றீர்கள். அவர்கள் மொழிகள்.

கிழக்கே, பல கடல்களைத் தாண்டினால், பப்புவா என்ற பெருந்தீவு வரும். மழை பெய்யாத நாட்களை அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தீவின் சதுப்பு நிலத்தில் ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஐந்து ஊர்கள். ஊருக்கு ஒரு மொழி. இருநூறு பேர் பேசினால் அது பெரிய மொழி. அவற்றில் ஒரு சொல்கூட எந்தப் புத்தகத்திலும் ஏறியதில்லை.

மேலே இருந்த நான்கு ஊர்களின் மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் இரோமி என்று ஐந்தாவது ஊர் இருந்தது. அதன் மொழிதான் குழப்பம். அதைச் சரியாகக் கேட்டவரே இல்லை. இரோமிக்காரர்கள் மீனைக் கரையில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார்கள். மேலே இருந்து வந்தவர்கள் மீனை எடுத்துக்கொண்டு, சேகோ என்னும் பனையின் தண்டை இடித்து எடுத்த மாவை அங்கே வைப்பார்கள். ஒரு வார்த்தை பேசாமல் வியாபாரம் முடிந்துவிடும்.

மொழிக்கு மொழி உறவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்த ஆற்றில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆற்றின் சட்டம் அப்படி.

உடன்பிறந்த மொழிக்காரர் ஆபத்தில் வந்தால் கரையேற்ற வேண்டும். நெருப்பும் மாவும் தர வேண்டும். மற்றவர்கள் ஆற்றின் நடுவிலேயே நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். மீறிக் கரையில் கால் வைத்தால் ஈட்டி.

கொடுமையான சட்டம்தான். ஆனால் கடல் பக்கமிருந்து கொள்ளைக்காரர்கள் வருவார்கள். திருடிய தோணியில், வீடிழந்தவர்களைப் போல அழுதுகொண்டே வருவார்கள். இரக்கப்பட்டுக் கரையேற்றிய ஊர்கள் மறுநாள் இருக்காது.

அதனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு செவியாள் இருந்தார். வருகிறவர் பேச்சைக் கேட்டு, உறவா அயலா என்று சொல்வது அவர் வேலை.

தாமுரு என்ற ஊரின் செவியாள் கெமோரி. சதைப்பிடிப்பான, அதிகம் சிரிக்காத பெண். அவளிடம் வேலை கற்றவள் நுவே. கெமோரியின் தம்பி மகள். வயது பன்னிரண்டு.

முதல் நாள் பாடம் இப்படி நடந்தது.

"இருபது சொற்கள் கேட்க வேண்டும்" என்றாள் கெமோரி. "கண், கை, நெருப்பு, தண்ணீர், நாய், பேன்..."

"பேனா?" நுவே சிரித்தாள். "தோணியில் வருகிறவரிடம் பேனைப் பற்றிக் கேட்பதா, அத்தை?"

"எல்லார் தலையிலும் இருக்கிறது. அதற்குப் பெயர் கேட்டு யாரும் பக்கத்து ஊருக்குப் போக மாட்டார்கள். சொல் நம் சொல்லோடு சேர்ந்தால் குச்சியை வலப்பக்கம் வை. சேராவிட்டால் இடப்பக்கம். பத்துக் குச்சி வலப்பக்கம் வந்தால் உறவு."

"அதே சொல்லாக இருக்க வேண்டுமா?"

"உன் முகமும் என் முகமும் ஒன்றா?"

"இல்லை. ஜாடை இருக்கிறது."

"அதைத்தான் தேட வேண்டும். நாம் 'த' என்கிற இடத்திலெல்லாம் உன் ஊரில் 'ர' என்பார்கள். அது ஜாடை. அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படு. அது முகம் இல்லை, முகமூடி."

நுவே சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏனென்றால் முகமூடியை அவள் பார்த்திருந்தாள்.

அவள் பிறந்த ஊர் தாமுரு அல்ல. இரோமிக்கு அடுத்து மேலே இருந்த வெகாய். அவள் அப்பா தன் தங்கையோடு அங்கே போய்க் குடியேறியவர். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் வெகாய்க்கு ஐந்து தோணிகள் வந்தன. வெகாயின் செவியாள் இருபது சொற்கள் கேட்டான். பதினொன்று சேர்ந்தன. அப்படியே, ஓர் ஒலிகூட மாறாமல் சேர்ந்தன. யாரோ ஒரு வெகாய்க்காரனைப் பிடித்து வைத்து, அடித்துச் சொல்ல வைத்து, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்கள். செவியாள் குச்சிகளை மட்டும் எண்ணினான். மறுநாள் வெகாய் இல்லை. மிதந்துவந்த வீட்டுத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி இருந்த நுவேயைக் கெமோரிதான் ஆற்றில் இறங்கி இழுத்தாள்.

அதற்குப் பிறகு நுவே தாமுருவில் வளர்ந்தாள். தாமுருப் பிள்ளைகள் அவளை "மலைக்காரி" என்று கூப்பிட்டார்கள். மலைச் சந்தையில் எல்லா ஊர்க்காரர்களும் கலந்து பேசும் பொதுப்பேச்சு ஒன்று உண்டு. நுவேயின் வாயில் பாதிச் சொற்கள் அந்தச் சந்தைச் சொற்களாகவே வந்தன.

இந்த ஆண்டு மழையில் கெமோரிக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும். ஆற்றின் நடுவிலிருந்து வரும் குரல் கேட்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆற்றில் சாம்பல் வந்தது.

கடல் ஏற்றத்தின்போது ஆறு மேல்நோக்கி ஓடும். முதல் நாள் ஏற்றத்தில் சாம்பல் மிதந்துவந்தது. இரண்டாம் நாள் ஓர் ஏணி. வீட்டுக்கு ஏறும் ஏணி, ஒரு பக்கம் கருகியது. மூன்றாம் நாள் ஒரு பன்றி செத்து மிதந்தது. நல்ல கொழுத்த பன்றி. யாரும் அதைத் தொடவில்லை. பிள்ளைகளைக் கரைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடலோரத்திலிருந்து தினமும் வரும் கொக்குகள் வரவில்லை.

நான்காம் நாள் உச்சிப் பொழுதில் தோணி வந்தது.

ஒரே தோணி. பதினொரு பேர். ஐந்து பெண்கள், நான்கு பிள்ளைகள், இரண்டு ஆண்கள். எல்லார் முகத்திலும் வெள்ளைச் சேறு. துக்கம் காப்பவர்கள் அப்படிப் பூசுவார்கள். முகத்தைக் காட்ட விரும்பாதவர்களும் அப்படிப் பூசுவார்கள்.

தோணியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு விரல்தான் இடைவெளி. ஒருத்தி சிரட்டையால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தாள். தாமுருவின் எல்லைக் கம்பம் தெரிந்ததும் துடுப்பை ஊன்றி ஆற்றின் நடுவில் நின்றார்கள். சட்டம் தெரிந்தவர்கள். கொள்ளைக்காரர்களுக்கும் சட்டம் தெரியும்.

கரையில் முப்பது ஈட்டிகள் நின்றன. முன்னால் நின்றவர் ஊர்த்தலைவர் பரிமா.

"செவியாள் எங்கே?" என்றார்.

கெமோரி வந்தாள். நுவேயின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"இவளா?"

"எனக்குக் கேட்கவில்லை, பரிமா. காதில் கேட்டவர்தான் சொல்ல வேண்டும். சட்டம்."

"குழந்தை."

"காது குழந்தை இல்லை."

பரிமா நுவேயைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். ஏற்றம் நின்றுகொண்டிருந்தது. மிதக்கும் இலைகள் ஓரிடத்தில் சுற்றின. இன்னும் கொஞ்ச நேரத்தில் வற்றம் தொடங்கும். ஆறு திரும்பிக் கடலை நோக்கி ஓடும். அந்தக் கனத்தோடு தோணியால் அதை எதிர்த்து நிற்க முடியாது. சாம்பல் வந்த இடத்துக்கே அது போய்விடும்.

"சீக்கிரம் கேள்" என்றார்.

நுவே சேற்றில் உட்கார்ந்தாள். இருபது குச்சிகளை முன்னால் வைத்தாள். சந்தைப் பேச்சில் கூவிக் கேட்டாள்.

"எந்த ஊர்?"

"இரோமி." பதில் சொன்னவள் தோணியின் முனையில் நின்ற பெண். தொண்டை கட்டிய குரல்.

"உங்கள் ஊரில் கண்ணுக்கு என்ன சொல்வீர்கள்?"

அவள் சொன்னாள். அது ஜாடையாக இருந்தது. ஒரு குச்சி வலப்பக்கம்.

"கைக்கு?"

சொன்னாள். வலப்பக்கம்.

"தண்ணீருக்கு?"

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். மூடினாள். பிறகு சந்தைச் சொல்லையே திருப்பிச் சொன்னாள். நுவே எந்தச் சொல்லால் கேட்டாளோ அதே சொல்.

நுவே குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். இடப்பக்கம் வைத்தாள்.

"நாய்க்கு?"

மறுபடியும் கேட்ட சொல்லே திரும்பி வந்தது.

"மழைக்கு?"

கேட்ட சொல்லே.

கரையில் நின்ற ஓசகு என்ற இளைஞன் சொன்னான்: "கிளி வளர்க்கிறார்கள் போலிருக்கிறது. நாம் சொன்னதைச் சொல்கிறது."

சிலர் சிரித்தார்கள். பயத்தில் வரும் சிரிப்பு அது, சீக்கிரம் நின்றுவிட்டது.

"பேனுக்கு?" என்று நுவே கேட்டாள்.

தோணியில் இருந்த பெண் சட்டென்று சொன்னாள். அது ஜாடையாக இருந்தது.

"பாருங்கள், பேன் மட்டும் சொந்தமாக இருக்கிறது" என்றான் ஓசகு.

"வாயை மூடு" என்றார் பரிமா.

"நெருப்புக்கு?"

அந்தப் பெண் தயங்கினாள். அவளுக்குப் பின்னால் நான்கு வயதுப் பிள்ளை ஒன்று நின்றது. தனக்கு விடை தெரியும் என்பதைப் போல அது வாயைத் திறந்தது. சத்தம் வருவதற்குள், பக்கத்தில் இருந்த ஆண் அதன் வாயைக் கையால் பொத்தினான். இறுகப் பொத்தினான். பிள்ளையின் கண்கள் மட்டும் தெரிந்தன.

கரையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஈட்டிகள் கொஞ்சம் உயர்ந்தன.

"நெருப்பு" என்று சந்தைச் சொல்லையே சொன்னாள் அந்தப் பெண்.

இருபதும் கேட்டு முடிந்தது. வலப்பக்கம் ஆறு. இடப்பக்கம் பதினான்கு.

"ஆறு" என்றார் பரிமா. "பத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இரோமி நம் பிள்ளை இல்லை என்று என் அப்பா அப்போதே சொன்னார். சொல்லிவிடு, நுவே. போகட்டும்."

நுவே குச்சிகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். ஆறு என்பது ஆறுதான். இனி அவள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அவர்கள் போய்விடுவார்கள். அந்த இரண்டு ஆண்களும் போய்விடுவார்கள். அவளுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

தீர்ப்புக்கு முன்னால் குச்சிகளை ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். கெமோரி பத்தடி தள்ளி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள். நுவே குச்சிகளை இரண்டு கைகளிலும் பிரித்துப் பிடித்துக்கொண்டு போனாள்.

"ஆறும் பதினான்கும், அத்தை. அயலார்."

"ஆறும் எப்படி இருந்தன? அச்சா, ஜாடையா?"

"ஜாடை. நாம் 'த' என்கிற இடத்தில், வெகாயில் 'ர' என்கிற இடத்தில், அவள் 'ல' என்கிறாள். அந்த ஒலி வந்த நான்கு சொற்களிலும் அப்படித்தான்."

"பதினான்கும்?"

"எல்லாம் சந்தைச் சொல். நான் கேட்டதையே திருப்பிச் சொன்னாள்."

"உடனே சொன்னாளா?"

"இல்லை. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து மூடினாள். பிறகு சொன்னாள்."

கெமோரி அவள் கையிலிருந்த குச்சிகளை வாங்கினாள். இருபதையும் ஒன்றாகச் சேர்த்தாள். கட்டையின் மறுமுனையைக் காட்டி, "உட்கார்" என்றாள்.

நுவே உட்கார்ந்தாள்.

"எந்த ஊர்?" என்று கேட்டாள் கெமோரி. சந்தைப் பேச்சில், அயலாரைக் கேட்கும் அதே குரலில்.

"அத்தை, ஆறு திரும்பப் போகிறது."

"எந்த ஊர்?"

"வெகாய்."

"உங்கள் ஊரில் கண்ணுக்கு என்ன சொல்வீர்கள்?"

நுவே சொன்னாள். கெமோரி ஒரு குச்சியை வலப்பக்கம் வைத்தாள்.

"தண்ணீருக்கு?"

நுவே வாயைத் திறந்தாள். மூடினாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முன்பே சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று கரையில் நின்ற ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் முதலிலேயே தெரிய வேண்டும்?

அந்த ஆற்றில் குழந்தைகளுக்குப் பொருள்களின் பெயரைத்தான் வைப்பார்கள். ஒருத்தி பெயர் தண்ணீர். ஒருவன் பெயர் நாய். ஒருவர் இறந்தால், நான்கு மழைக்காலம் கழியும்வரை அவர் பெயரை அவர் வீட்டார் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பார், வழி தவறிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பெயரைச் சொல்லக் கூடாது என்றால் அந்தச் சொல்லையே சொல்ல முடியாது. அதுவரை அந்தப் பொருளுக்குச் சந்தைச் சொல்லைப் போட்டுப் பேசுவார்கள்.

தாமுருவில் வருடத்துக்கு ஒரு சாவு, இரண்டு சாவு. ஒரு வீட்டில் ஒரு சொல் ஒளிந்திருக்கும், இரண்டு சொல் ஒளிந்திருக்கும். இருபது சொற்களைக் கேட்கும்போது அது கணக்கிலேயே வராது. குச்சி வைக்கும் முறையை ஏற்படுத்திய பழைய ஆட்கள், ஓர் ஊரே ஒரே நாளில் சாகும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

நுவேயின் அம்மா பெயர் தண்ணீர்.

நுவே சந்தைச் சொல்லைச் சொன்னாள். கெமோரி குச்சியை இடப்பக்கம் வைத்தாள்.

"நாய்க்கு?"

அண்ணன். இடப்பக்கம்.

"மழைக்கு?"

அப்பாவின் தங்கை. இடப்பக்கம்.

"பேனுக்கு?"

பேன் என்று பெற்ற பிள்ளைக்கு யார் பெயர் வைப்பார்கள்? நுவே சொன்னாள். வலப்பக்கம்.

"நெருப்புக்கு?"

நுவேயின் தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவள் கை தானாகவே எழுந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது.

கெமோரி அந்தக் கையைப் பார்த்தாள். குச்சியை இடப்பக்கம் வைத்தாள். இருபதும் முடியும்வரை அதே குரலில் கேட்டாள்.

வலப்பக்கம் எட்டு. இடப்பக்கம் பன்னிரண்டு.

பரிமா பொறுமை இழந்து அங்கே வந்திருந்தார். குச்சிகளைப் பார்த்தார்.

"என்ன விளையாட்டு இது?"

"எட்டுத்தான் வருகிறது, பரிமா" என்றாள் கெமோரி. "இவளை ஆற்றின் நடுவில் விட்டுவிடலாமா?"

"இவள் நம் பெண்."

"குச்சி அப்படிச் சொல்லவில்லையே."

பரிமா தோணியின் பக்கம் திரும்பி, முகங்களை எண்ணுபவரைப் போலப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் இருந்த குச்சிகளைப் பார்த்தார்.

"அப்படியென்றால் பதினான்கு..." என்று ஆரம்பித்தார்.

நுவே எழுந்து நின்றாள்.

"அத்தை, இந்த வழக்கத்தையும் கற்றுக்கொண்டு வந்திருந்தால்?"

"வந்திருக்கலாம்."

"பேசியது அந்தப் பெண் மட்டும்தான். அவள் இரோமிக்காரியாகவே இருக்கட்டும். பின்னால் இருக்கிற ஆண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களாக இருந்தால்?"

"இருக்கலாம்."

"அந்தப் பிள்ளையின் வாயை அவன் ஏன் பொத்தினான்? இறந்தவர் பெயரைச் சொல்லிவிடப் போகிறது என்றா? அல்லது அவன் மொழியில் ஏதாவது சொல்லிவிடப் போகிறது என்றா?"

"இரண்டுக்கும் அப்படித்தான் பொத்துவார்கள்."

"அந்த ஆண்களையும் பேசச் சொன்னால்?"

"சொல்லிப் பார்."

நுவே கரைக்கு ஓடினாள். பிள்ளையின் வாயைப் பொத்திய ஆணைக் கைநீட்டிக் காட்டி, "நீ பேசு" என்று கூவினாள். "கண்ணுக்கு என்ன? கைக்கு என்ன?"

அவன் அவளையே பார்த்தான். பேசவில்லை. முனையில் நின்ற பெண்தான் பேசினாள். "அவன் மனைவி போய் நாலு நாள். புது நிலா வரும்வரை அவன் பேசக் கூடாது."

தாமுருவிலும் அந்த வழக்கம் உண்டு. கொள்ளைக்காரனுக்கும் அது வசதியான வழக்கம்தான்.

"மற்றவன்?"

"அவனுக்கும்."

கரையில் யாரோ மெல்லச் சபித்தார்கள். ஓசகு இப்போது சிரிக்கவில்லை. "கரையேற விடாதீர்கள்" என்றான் தணிந்த குரலில். "எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். விடாதீர்கள்."

தோணியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் இறைப்பதை நிறுத்தினாள். சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்த இலைகள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கின. கடல் பக்கமாக.

நுவே திரும்பிக் கெமோரியிடம் வந்தாள். பரிமா அவளோடு நடந்து வந்தார். இப்போது அவர் குரலில் அதட்டல் இல்லை.

"ஒன்று தெரிந்துகொள், மலைக்காரி. உறவு என்று சொல்கிறவர் வீட்டில்தான் முதல் மூன்று நாள் அவர்கள் தங்க வேண்டும். நீ சொன்னால் உன் அத்தை வீட்டில். வெகாயில் முதலில் போனது அந்தச் செவியாள் குடும்பம்தான். உனக்குத் தெரியாதது இல்லை."

"தெரியும், மாமா."

"அயல் என்று சொன்னாலும் உன்மேல் குற்றம் இல்லை. ஆறு குச்சிதான் வந்தது. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டோம்."

"தெரியும்."

அவர் போய் மற்றவர்களோடு நின்றுகொண்டார்.

நுவே கெமோரியின் காதருகே குனிந்தாள்.

"நீங்களே சொல்லிவிடுங்கள், அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது."

"எனக்கும்தான்."

"உங்களுக்குமா?"

"அவர்கள் படுக்கப்போவது என் வீட்டில்."

"பயம் கொஞ்சம் குறைந்த பிறகு சொல்லட்டுமா?"

கெமோரி ஆற்றைக் காட்டினாள். தோணியின் முனை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு துடுப்புகள் அதை நிறுத்தப் போராடின.

நுவே கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். எட்டும் பன்னிரண்டும். ஆறும் பதினான்கும். அவற்றை வேறு விதமாக அடுக்கிப் பார்ப்பவளைப் போல நின்றாள்.

"நான் தப்பாக எண்ணியிருந்தால்?"

"எண்ணுகிற வேலை முடிந்துவிட்டது, நுவே" என்றாள் கெமோரி. "அதுவரைக்கும்தான் குச்சி கூட வரும்."

நுவே கரைக்குப் போனாள். நம்மவர்கள் என்று சொன்னாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பதினொரு பாய்கள் விரித்தாள். தன் பாயை அவற்றுக்கு நடுவில் விரித்தாள்.